இருக்குமா, இருக்கா

அந்த அக்காவிடம் போய் "இருக்கும்" என்று யாரும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "பேட்டரியிலதான் கோளாறு இருக்கும்க்கா" என்று ஒருவர் ஆரம்பித்தால், கையில் உள்ள வேலையை நிறுத்தாமல், தலையையும் தூக்காமல், "இருக்குமா, இருக்கா?" என்பார். குரலில் கோபம் இராது. பஸ் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்பதுபோலத்தான் இருக்கும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் பலரும் "தெரியாதுக்கா" என்று ஒத்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் மெஷினைக் கையில் வாங்குவார்.

இலத்தூரில் அவர் வீட்டு முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன்களும், என்னைப்போலக் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களின் ட்ரோன்களும் கோளாறானால் அங்கே வரும். வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருக்கும். உள்ளே வருகிறவர்கள் சாவி, செல்போன், வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். பக்கிளில் இரும்பு இருந்தால் ட்ரோனுக்குள் இருக்கும் காம்பஸ் திசை மாறிக் காட்டும் என்பது காரணம். ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் விளக்கிப் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அக்கா தன் சேலையில் ஊக்கு குத்த மாட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருப்பார். கம்மல் மட்டும் உண்டு. அது தங்கம், காந்தத்தில் ஒட்டாது என்று கேட்காமலே சொல்வார்.

நான் முதன்முதலில் போனது ஒரு சீசன் நேரத்தில். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் இருந்து புதுமணத் தம்பதியைப் படம் எடுக்க ட்ரோனை ஏற்றினேன். மேலே போய் நின்றது. பிறகு, நான் ரிமோட் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்த பிறகும், தானாக மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. தம்பதியைப் பார்க்க வேண்டிய கேமரா ஐந்தருவிப் பக்கம் போய், மலையைக் காட்டி, பார்க்கிங்கில் நின்ற வேன்களைக் காட்டி, மறுபடி தம்பதியிடம் வந்தது. அதற்குள் மாப்பிள்ளைக்குக் கழுத்து வலித்துவிட்டது. அந்த வாரம் நாலு இடத்தில் இப்படி நடந்தது. வாங்கிய கடையில் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். மாற்றிய பிறகும் சுற்றியது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, வெளியே சொல்லவில்லை. இலஞ்சி பக்கம் பைக்கில் விழுந்து என் வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ட்ரோனைப் பறக்க விடும் முன் கையில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பி, காம்பஸைச் சரிசெய்ய வேண்டும். நான் திருப்பும்போது என் காலில் உள்ள இரும்புதான் அதைக் கெடுக்கிறது என்று முடிவு பண்ணிவிட்டேன். இரண்டு மாதம் எங்கே போனாலும் யாராவது ஒரு ஆளைக் கூப்பிட்டுத் திருப்பச் சொல்லிவிட்டு நான் பத்தடி தள்ளி நிற்பேன். தொழிலையே விட்டுவிடலாமா என்றுகூட வீட்டில் பேசியாயிற்று.

அக்காவிடம் அதைச் சொன்னேன். வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு நூலில் சின்னக் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு என் முழங்காலுக்குக் கீழே கொண்டுவந்தார். காந்தம் அசையவில்லை. இன்னொரு பக்கம் கொண்டுபோனார். அசையவில்லை. "உங்க கால்ல குத்தம் இல்ல தம்பி" என்றார். ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்த டாக்டர்கூட அவ்வளவு நிம்மதியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ட்ரோனின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு என்னைத் தன் வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ட்ரோனை நான் பிடித்துக்கொள்ள, திரையில் திசை காட்டும் அம்பை அவர் பார்த்தார். மாடியின் நடுவில் ஒரு பக்கம் காட்டியது. தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த மூலைக்குப் போனதும், நான் உடம்பைத் திருப்பாமலே, அம்பு கால்வாசி திரும்பியது. கீழே இறங்கி வயல் வரப்பில் நடந்தோம். அங்கே அம்பு ஆடவில்லை. மாடிகளில் கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிதான் என் நாலு கல்யாணத்தைக் கெடுத்திருந்தது. நான் எல்லா இடத்திலும் மாடியில் இருந்துதான் ஏற்றியிருந்தேன்.

"அதுக்கு வடக்கு தப்பாத் தெரியுது. அந்தத் தப்பான வடக்க வச்சுத் தன்னைச் சரி பண்ணிக்கிடப் பாக்குது. சரி பண்ணப் பண்ணச் சுத்துது" என்றார் அக்கா. இவ்வளவுதான் விளக்கம். இதற்குமேல் கேட்டால் வரப்பில் போய் இன்னொரு முறை நடக்கச் சொல்வார்.

ராயகிரியில் ஒரு விவசாயி அண்ணாச்சியின் மருந்தடிக்கிற ட்ரோன் வயலின் ஒரே மூலையில் மட்டும் சுற்றியது. அந்த மூலை மாடசாமி நடமாடும் பாதை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி சூடம் காட்டினார், எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார், ட்ரோன் சுற்றுவது நிற்கவில்லை. ஒரு கேமரா வேலைக்காக நானும் அன்று அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் அக்காவை என் காரில் அழைத்துப்போனேன். அக்கா மாடசாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ட்ரோனைப் பத்தடி தள்ளி வைத்து ஏற்றச் சொன்னார். நேராக ஏறியது. பழைய இடத்தில் தோண்டச் சொன்னார். இரண்டடியில், என்றோ கைவிட்ட போர்வெல்லின் இரும்புக் குழாய் தட்டுப்பட்டது. அண்ணாச்சிக்குச் சங்கடமாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "அது கெடக்கட்டும். எலுமிச்சம்பழத்துல இரும்பு இல்ல" என்றார் அக்கா.

இதெல்லாம் மெஷினோடு நின்றால் பரவாயில்லை. அக்கா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்தவர்களிடமும் இப்படித்தான். பையனுக்குக் குடிப்பழக்கம் எல்லாம் இருக்காது என்று பையனின் மாமா சொல்லியிருக்கிறார். "இருக்காதா, இல்லையா?" என்று அக்கா பையனின் அம்மாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். மகள் ஐந்தாறு மாதம் அம்மாவிடம் பேசவில்லை. பிறகு கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் தனக்குப் பிடித்த ஒரு பையனை அந்தப் பெண்ணே கூட்டிவந்தாள். அக்கா அவனிடமும் கேட்டார். "மாசத்துக்கு ஒரு நாள் உண்டு அத்தை" என்றான். கல்யாணத்தை முடிவு செய்துவிட்டார். அந்த வீடியோவை நான்தான் எடுத்தேன்.

அக்காவின் கணவர் ராணுவத்தில் இருந்து இறந்தவர். முதலில் இறந்திருக்கலாம் என்றுதான் தகவல் வந்ததாம். உறுதியாகத் தெரிய மூன்று நாள் ஆயிற்றாம். அந்த மூன்று நாளில்தான் அவருக்கு இந்தக் குணம் வந்தது என்று இலத்தூரில் சொல்வார்கள். கேட்பதற்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கும். ஒருமுறை தயங்கித் தயங்கி அக்காவிடமே கேட்டேன். "அதுக்கு முந்தியே நான் இப்படித்தான். அவரு உயிரோட இருக்கும்போது இதுக்காகவே சண்டை போடுவாரு" என்றார்.

நான் சொல்ல வந்தது குற்றாலம் ரோட்டு மண்டபத்தில் நடந்த ரிசப்ஷனைப் பற்றி.

மண்டபத்தை ஒட்டிய மைதானத்தில் சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வர, மேலிருந்து எடுக்க வேண்டும். ட்ரோனின் மேல்மூடி உடைந்து, இரண்டு நாள் முன்னால்தான் அக்காவிடம் மாற்றி வாங்கியிருந்தேன். ஏற்றினேன். இருபது அடி போனதும் திரும்ப ஆரம்பித்தது. பிறகு வட்டமடித்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. நான் இறக்கப் பார்த்தேன். அது கீழே வருவதற்குப் பதில் பக்கவாட்டில் சாய்ந்து, மைதானத்தில் போட்டிருந்த பந்தியின் ஓரத்தில் பாதாம் பால் தட்டோடு நடந்து வந்த ஒரு பெண்மணியின் மேல் விழுந்தது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். இறக்கை அவருடைய வலது உள்ளங்கையையும் கட்டைவிரலையும் கிழித்துவிட்டது.

அவர் சுரண்டைக்காரர். சமையல் மாஸ்டரின் குழுவில் காய் நறுக்குகிறவர். அன்று ஆள் குறைவு என்று தட்டுத் தூக்க வந்திருந்தார். கட்டைவிரல் நரம்பைத் தைத்து, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள்.

கல்யாணப் பெண்ணின் பெரியப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் சுற்றி நிற்க, எப்படி ஆச்சு என்று என்னிடம் கேட்டார். நான் ட்ரோனை ஏற்றிய இடத்துக்குப் பத்தடி தள்ளி ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் உண்டு. "ஸ்பீக்கர் காந்தம் இழுத்திருக்கும் சார்" என்றேன். கடைசிப் பந்தி முடிவதற்குள் ஸ்பீக்கர்தான் காரணம் என்பது மண்டபம் முழுக்கத் தெரிந்த உண்மையாகிவிட்டது. ஸ்பீக்கர் வைத்தவர் தென்காசிக்காரர், ஐம்பது வயது தாண்டிய அண்ணாச்சி. அந்த மண்டபத்து வேலை ஒன்றை நம்பித்தான் அவர் பிழைப்பு. இனிமேல் அவர் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் உடைந்த இறக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இலத்தூர் வரைக்கும் போய், மறுநாள் அக்கா போன் செய்து ட்ரோனையும், ஸ்பீக்கர் அண்ணாச்சியையும், அதே பெட்டிகளையும் கொண்டுவரச் சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னால் வயலில் பெட்டிகளை அன்று போலவே அடுக்கி, பாட்டுப் போடச் சொன்னார். இறக்கை இல்லாத ட்ரோனைப் பத்தடி தள்ளி வைத்தார். பாட்டை நிறுத்தினாலும் போட்டாலும் அம்பு அதே இடத்தில்தான் நின்றது. ஆனால் நின்ற இடம் வடக்கு இல்லை. பெட்டிகளைத் தூக்கச் சொன்னார். அப்போதும் தப்பு. ட்ரோனைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரை வரைக்கும் நடந்தார். கம்பி இல்லை, வண்டி இல்லை, ஸ்பீக்கர் இல்லை. அங்கேயும் தப்பு.

"எங்க போனாலும் கூடவே வருது. அப்ப வெளியில இல்ல" என்றார்.

அண்ணாச்சியைப் போகச் சொல்லிவிட்டு, முன்னறையில் மேல்மூடியைக் கழற்றினார். அதற்கு நேர் கீழேதான் காம்பஸ். மூடியின் நாலு திருகுகளையும் ஒவ்வொன்றாக ஒரு சின்னத் திசைகாட்டியின் பக்கத்தில் வைத்தார். மூன்றுக்கு முள் அசையவில்லை. நாலாவதுக்கு முள் சட்டென்று திரும்பி அதையே பார்த்து நின்றது.

அக்கா அந்தத் திருகைத் தன் திருகு டப்பாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மூடி மாற்றிய அன்று வயலில் காம்பஸ் எல்லாம் பார்த்து முடித்து உள்ளே வந்த பிறகுதான் மூடியில் ஒரு திருகு இல்லாததைக் கவனித்தார். அது மேஜைக்கடியில் எங்கேயோ உருண்டிருந்தது. டப்பாவில் இருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். மறுபடி வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். எனக்கு ஆலங்குளத்தில் ஒரு பார்ட்டி காத்திருந்தது. சரியாத்தான் இருக்கும்க்கா, குடுங்க என்று அவசரப்படுத்தியது நான். குடுத்தது அவர்.

லேப்டாப்பில் ட்ரோனின் பதிவுகளைத் திறந்தார். பார்த்துக்கொண்டே, "ஏத்துததுக்கு முந்தி காம்பஸைப் பாருன்னு மெசேஜ் வந்துச்சா தம்பி?" என்றார்.

வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நான் அதைத் தள்ளிவிட்டு ஏற்றினேன்.

"வந்திருக்கும்க்கா" என்றேன்.

அன்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, சுரண்டைக்கு எப்போது போகலாம் என்றார்.

காரில் போகும்போது மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். இந்தத் திருகு விஷயம் நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, ஸ்பீக்கர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று, அண்ணாச்சிக்கு வேறு மண்டபம் கிடைத்துவிடும், இலத்தூர்க் கடைக்குப் பேர் கெட்டால் யாரும் ட்ரோனைக் கொண்டுவர மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டார். "எந்த மண்டபம் கிடைக்கும்?" என்றார். நான் முன்னால் போன டிராக்டரை முந்தினேன்.

அண்ணாச்சியையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்மணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முன்னால் நின்று, திருகை எடுத்து ஸ்டூலில் வைத்தார்.

"ஸ்பீக்கர் இல்ல. இந்தத் திருகு. இத மாட்டினது நான். மாட்டிட்டுப் பாக்காம குடுத்தது நான்" என்றார். மேனேஜருக்கும் பெரியப்பாவுக்கும் அங்கிருந்தே போன் போட்டு, இதே வார்த்தைகளை இதே வரிசையில் சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை. நான் அவசரப்படுத்தியதையும், அந்த மெசேஜையும் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணி திட்டவில்லை. திருகை இடது கையால் எடுத்துப் பார்த்தார். "இத்தினிக்காண்டு திருகா?" என்றார். பிறகு தன் கவலையைச் சொன்னார். ஆறு வாரத்தில் மாஸ்டர் வேறு ஆள் பார்த்துவிடுவார். ஒருமுறை இடம் போனால் போனதுதான்.

"ஆறு வாரமும் உங்க இடத்துல நான் போறேன்" என்றார் அக்கா.

போனார். இலத்தூர்க் கடையைப் பூட்டிவிட்டு, மாஸ்டருக்குக் கல்யாணச் சமையல் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் காலையில் போய் உட்கார்ந்து காய் நறுக்கினார். கூலி நேராக அந்தப் பெண்மணியின் கைக்குப் போயிற்று. மாஸ்டருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. சாம்பாருக்குப் பூசணிக்காயைப் பெரிசா வெட்டுங்கம்மா என்றால், பெரிசு என்றால் எவ்வளவு என்று அக்கா கேட்டார். இத்தனை வருடத்தில் மாஸ்டரை யாரும் அதைக் கேட்டதில்லை. கடைசியில் ஒரு துண்டை வெட்டிக் காட்டிவிட்டுப் போனார். அக்கா அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது கிலோவையும் அதே அளவில் வெட்டினார். இரண்டாவது வாரம் முதல் ராயகிரி, சுரண்டை விவசாயிகள் மண்டபத்துச் சமையல்கட்டு வாசலுக்கே ட்ரோனைத் தூக்கிவந்தார்கள். பேர் கெட்டுவிடும் என்று நான் சொன்னது நடக்கவில்லை. அவிய‌லுக்கும் கூட்டுக்கும் நடுவே அக்கா எழுந்து போய், அடுப்புகளில் இருந்து தூரமாக அவர்களைக் கூட்டிப்போய், என்னவென்று பார்த்துவிட்டு வருவார். அந்த நீல வாளி அங்கேயும் வந்திருந்தது. ஒருநாள் யாரோ விஷயம் தெரியாமல் அதில் வெள்ளரிக்காயை அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

ஸ்பீக்கர் அண்ணாச்சியை மேனேஜர் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். அண்ணாச்சி என்னோடு மட்டும் முன்போலப் பேசுவதில்லை.

நான்காவது வாரம் சுரண்டைக்குப் போனேன். அந்தப் பெண்மணி வெளியே நார்க்கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மெசேஜ் வந்ததைச் சொன்னேன். அக்காவை அவசரப்படுத்தியதைச் சொன்னேன். அண்ணாச்சி மேல் பழி போட்டதையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"ஏங்கிட்டச் சொல்லலியே."

"சொல்ல மாட்டாங்க. நான் சொல்லணும்னு விட்டுட்டாங்க."

அவர் முறத்தை என் பக்கம் நகர்த்தினார். "சரி. இத உரி. ஒத்தக் கையால முடியல" என்றார். முழு முறத்தையும் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்து நேராகத் தென்காசிக்குப் போய் அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

ஆறு வாரம் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அக்காவை நான்தான் சுரண்டைக்குக் கூட்டிப்போனேன். கட்டைவிரல் முழுவதும் மடங்கவில்லை. முக்கால்வாசி மடங்கியது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா அந்த விரலை மடக்கிப் பார்த்து, விரித்துப் பார்த்து, கத்தியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரம் நானே போகிறேன் என்றார்.

"வேண்டாம்க்கா, நாளையில இருந்து நானே போறேன்" என்றார் அந்தப் பெண்மணி. "நீங்க வெட்டுத பூசணிக்கா எல்லாம் ஒரே அளவா இருக்குன்னு மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லுதாரு. இன்னும் ரெண்டு வாரம் விட்டா எனக்கு வேலை போயிரும்."

அக்கா அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் குற்றாலத்தில் கல்யாணம். எனக்கும் அங்கேதான் வேலை. காலையில் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப்பார்த்தேன். அந்தப் பெண்மணி தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, மடங்காத விரலைக் கத்திப்பிடியின் மேல் நீட்டிவைத்துக்கொண்டு, மெதுவாகக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே, யாரும் கூப்பிடாமலே வந்திருந்த அக்கா, பூசணிக்காயை எடுத்துத் தன் பக்கம் வைத்திருந்தார். அவர் வெட்டிய துண்டுகள் அன்று மட்டும் சின்னதும் பெரிதுமாக இருந்தன. மாஸ்டர் வந்து நின்று அந்தத் துண்டுகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இரண்டு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார்.